பின்னுக்கு எடுத்தால் நின்ற மைனர்

எங்கள் மொறிஸ் மைனர் கார் முன்னுக்குப் போகும்போது நிற்க மாட்டேன் என்றது. பின்னுக்கு எடுத்தால் ஆணி அடித்த மாதிரி நின்றது. இதைச் சொன்னபோது நான்கு பேர் நம்பவில்லை. ஐந்தாவது ஆள் கேட்டுவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினார். அந்த ஐந்தாவது ஆளாலும், பிறகு என் வளவுக்குள் போன மூன்று சனிக்கிழமைகளாலும்தான் இதை எழுதுகிறேன். ட்ரம் பிரேக், அதாவது சில்லோடு சுற்றும் ட்ரம்முக்குள் வளைந்த இரண்டு ஷூவைப் பிஸ்டன் வெளிப்பக்கம் தள்ளி உரசி நிறுத்தும் பிரேக், உள்ள பழைய கார் வைத்திருக்கும் யாருக்காவது இது ஒரு நாள் தேவைப்படும்.

கார் அப்பாவுடையது. 1964 மொடல், 1098 சிசி எஞ்சின். அப்பா 1978இல் இரண்டாம் கையாக வாங்கி, பல வருடங்கள் யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடினார். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் இது மண்ணெண்ணெயில் ஓடிய கார். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஊரில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் எல்லாமே அப்படித்தான் ஓடின. அந்தப் புகை மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. படலையால் காரைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் இடது கை ஹாண்ட் பிரேக்கில் இருக்கும். முன்னுக்கு ஓடும்போது அதைத் தொடவே மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அப்பா போன பிறகு கார் நாலைந்து வருடம் கொட்டிலில் நின்றது. பிறகு நான் எடுத்து, அடித் தகரம் வெட்டி, துரு சுரண்டி, பெயின்ற் அடிப்பித்து, றோட்டில் விட்டேன். அன்று தொடங்கியது இந்தக் கரைச்சல். பெடலை மிதித்தால் கல் மாதிரி இறுகி நிற்கும், ஆனால் கார் தன்பாட்டில் போகும். மானிப்பாய் வீதியில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தபோது, இரண்டு காலாலும் பெடலில் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். ஒரு முழம் இடைவெளியில் நின்றது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் எடுத்தது.

இரண்டு கராஜ்களுக்குக் கொண்டுபோனேன். ஒருவர் ஷூவில் உரசும் பட்டையை, அதாவது லைனிங்கை, புதிதாக அடித்துத் தந்தார். மற்றவர் சிலிண்டர் றப்பர் எல்லாம் மாற்றி, ட்ரம்மை லேத்தில் போட்டு உள்முகம் சீவி, பிரேக் ஒயில் பைப்புக்குள் இருந்து மூன்று தரம் காற்று எடுத்தார். எதுவும் மாறவில்லை. அதன் பிறகு ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நானே யோசிக்கத் தொடங்கினேன். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பைப்புக்குள் காற்று இருக்கும்; எங்கள் பெடல் இறுக்கம். பெடல் ஆழத்துக்குப் போய்ப் பிடித்தால் ஷூ ட்ரம்மிலிருந்து தூர நிற்கிறது, அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். எங்கள் பெடல் மேலேயே பிடிக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது சிலிண்டர் இறுகியிருக்கும்; எங்கள் கார் நேராகத்தான் போகிறது. ஆக, இரண்டு முன் சில்லும் ஒரே அளவில், ஒரே விதமாகப் பிழையாக இருக்கின்றன. அது என்ன பிழை என்றுதான் தெரியவில்லை.

கொக்குவிலில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். கராஜை மகனிடம் கொடுத்துவிட்டு இப்போது வாசலில் கதிரை போட்டு இருப்பார். அப்பாவைத் தெரிந்தவர். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “பின்னுக்கு எப்பிடி நிக்குது?” என்று கேட்டார்.

“அது நல்லா நிக்குது ஐயா. மண்ணிலை கோடு விழுது.”

அவர் எழும்பியது அப்போதுதான். “சில்லைக் கழட்டு தம்பி. ட்ரம்மையும் கழட்டு” என்றார். டோர்ச் பிடித்து வலது முன் பக்கத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தார். “இந்தச் சில்லு முன்னுக்குப் போகேக்கை எந்தப் பக்கம் சுத்தும்?”

கையால் சுற்றிக் காட்டினேன்.

“பிஸ்டன் ஷூவை எந்தப் பக்கத்தாலை தள்ளுது, வடிவாப் பார்.”

பார்த்தேன். பிஸ்டன் தள்ளும் திசை ஒரு பக்கம், ட்ரம் சுற்றும் திசை அதற்கு எதிர்ப் பக்கம். இடது பக்கத்தைக் கழற்றினோம். அங்கும் அதே.

“வலத்தை இடத்திலையும் இடத்தை வலத்திலையும் பூட்டி வைச்சிருக்கிறாங்கள்” என்றார். “கொப்பருக்கு இது நடந்திருக்காது.”

இதை விளங்கிக்கொள்ள ஒரு தடி போதும். நீளமான தடியை எடுத்து, முன்னால் நிலத்தில் சாய்வாக ஊன்றித் தள்ளிக்கொண்டு நடந்து பாருங்கள். நுனி மண்ணைக் குத்திக் கவ்வும். நீங்கள் தள்ளத் தள்ள இன்னும் ஆழமாக இறங்கும். அதே தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் கோடு கீறிக்கொண்டு பேசாமல் வரும். ட்ரம்முக்குள் இருக்கும் ஷூவும் அப்படித்தான். பிஸ்டன் தள்ளும் முனையை ட்ரம் முதலில் தொட்டு, அங்கிருந்து மறுமுனையை நோக்கிச் சுற்றினால், ட்ரம்மே ஷூவை இழுத்துத் தன்மேல் அப்பிக்கொள்ளும். காலால் கொடுக்கும் பலத்தோடு சில்லின் பலமும் சேர்கிறது. எதிராகச் சுற்றினால் ட்ரம் ஷூவைத் தள்ளி விலக்கப் பார்க்கும். அப்போது காலின் பலம் மட்டும்தான்.

மைனரின் பின் சில்லுகளில் ஒரு சிலிண்டர்தான். இரண்டு ஷூவில் ஒன்று கவ்வும், மற்றது வழுக்கும். காரை எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஏதோ ஒன்று கவ்வும். அதனால்தான் ஹாண்ட் பிரேக் பின்னுக்கு இருக்கிறது. முன் சில்லில் அப்படியல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன். முன்னுக்குப் போகும்போது இரண்டு ஷூவும் கவ்வும்படி அமைத்திருக்கிறார்கள். பெடலுக்கு உதவ வேறு ஒரு சாதனமும் இல்லாத காரில் அந்தச் சின்ன ட்ரம் இவ்வளவு பாரத்தை நிறுத்துவது இதனால்தான். 948 சிசி வரை ட்ரம் நான்கும் ஏழு அங்குலம். 1962இல் 1098 எஞ்சின் வந்தபோது முன் ட்ரம்மை மட்டும் எட்டு அங்குலமாக்கினார்கள். ஆனால் ஷூவும் சிலிண்டரும் பூட்டியிருக்கும் தட்டை, அதாவது பாக் பிளேட்டை, இடதை வலப் பக்கமும் வலதை இடப் பக்கமும் போட்டுவிட்டால் இந்த ஏற்பாடு முழுக்கத் தலைகீழாகிறது. முன்னுக்குப் போனால் இரண்டு ஷூவும் வழுக்கும், பின்னுக்குப் போனால் இரண்டும் கவ்வும்.

அடித் தகர வேலை செய்த இடத்தில், துரு சுரண்டிப் பெயின்ற் அடிக்க இரண்டு பாக் பிளேட்டையும் ஒன்றாகக் கழற்றியிருக்கிறார்கள். கறுப்புப் பெயின்ற் மிக வடிவாக அடிக்கப்பட்டிருந்தது. பூட்டும்போது மாறிவிட்டது. பிறகு கழற்றிய ஒவ்வொருவரும், நான் உட்பட, தொழிலில் எல்லோரும் சொல்லும் அந்த நல்ல புத்தியைத்தான் கடைப்பிடித்தோம்: ஒரு பக்கத்தைக் கழற்று, மற்றப் பக்கத்தைத் தொடாதே, சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துப் பூட்டு. இரண்டு பக்கமும் பிழை என்றால் அந்தப் புத்தி உதவாது. ஒன்றைப் பார்த்து மற்றதைப் பிழையாகவே திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தோம். பிரேக் ஒயில் போகும் ஹோஸ் சற்று முறுகி நின்றதைக்கூட நான் பார்த்திருந்தேன். பழைய கார் என்று விட்டுவிட்டேன்.

வேலையை நானே செய்கிறேன் என்று ஐயாவிடம் சொன்னேன். “செய். பூட்டி முடிச்சு, ட்ரம் போட முதல் என்னைக் கூப்பிடு” என்றார்.

கழற்றுவதைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. ஜக்கை மட்டும் நம்பாமல் காரை ஸ்ராண்டில் ஏற்றுங்கள். பின் சில்லுக்குக் கட்டை வையுங்கள். ட்ரம்மைப் பிடித்திருப்பவை தலை புதைந்த இரண்டு திருகுகள்தான். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அவை இறுகிவிடும். சாதாரணத் திருப்புளியால் முயன்றால் தலை தேய்ந்துவிடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் திருப்புளி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். திருகு கழன்றும் ட்ரம் வராவிட்டால், தேய்ந்த ட்ரம்மின் விளிம்பில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ட்ரம்மில் உள்ள துளைக்குள்ளால், ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை இடப் பக்கம் திருப்பி ஷூவைத் தளர்த்தினால் கையோடு வரும்.

உள்ளே இருக்கும் தூசியைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. காற்றுக் குழாய் பிடித்து ஊதுவதை நான் சின்ன வயதில் எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஊதாதீர்கள். முகமூடி போட்டு, ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

பாக் பிளேட்டைக் கழற்ற, சில்லு பூட்டும் நடுப்பகுதியான ஹப்பும் வர வேண்டும், பைப்பும் கழல வேண்டும். முதல் சனிக்கிழமை அதோடு முடிந்தது. இரண்டாவது சனிக்கிழமை காலை, இரண்டு தட்டையும் வாங்கில் வைத்து, சோக்கட்டியால் ஒவ்வொன்றிலும் ட்ரம் சுற்றும் திசைக்கு ஒரு அம்புக்குறி கீறினேன். காரின் வலப் பக்கத்தில் வெளியே நின்று பார்த்தால் சில்லு மணிக்கூட்டுக் கம்பி போலச் சுற்றும். இடப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதற்கு எதிராக. அம்பு பிஸ்டன் முனையில் புறப்பட்டு, ஷூவின் உடம்பு வழியே போய், மறுமுனையில் முடிய வேண்டும். நான்கு ஷூவுக்கும் இதைச் சரிபார்த்த பிறகுதான் ஸ்பனரைத் தொட்டேன்.

சிலிண்டர்களைத் திறந்தபோது அப்பாவின் நினைவு வந்தது. மண்ணெண்ணெய்க் காலத்தில் வீட்டில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில்தான் கழுவுவோம். கை, செயின், எஞ்சின், எல்லாம். ஆனால் பிரேக் றப்பருக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலைக் கொண்டுவர அப்பா விடமாட்டார். பிரேக் ஒயிலைத் தவிர எண்ணெய் வகை எது பட்டாலும் அந்தச் சின்னக் கிண்ணி றப்பர் ஊதிப் பெருத்து, மெத்தென்று ஆகிவிடும். பிறகு பிஸ்டன் போனால் திரும்பி வராது. பெற்றோல், கிறீஸ், எஞ்சின் ஒயில், எல்லாமே அதற்கு எதிரி. புதிய பிரேக் ஒயிலில் கழுவி, அதே ஈரத்தோடு விரலால்தான் பூட்டுவார். நானும் அப்படியே செய்தேன். றப்பரின் விளிம்பு ஒயில் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மறுபக்கம் பார்த்தால் முதல் மிதியிலேயே ஒழுகும்.

ஷூ பூட்டுவதில் கைக்குப் பழக்கம் வர நேரம் எடுக்கும். ஸ்பிரிங் ஷூவுக்குப் பின்னால், தட்டுக்கும் ஷூவுக்கும் இடையில் வர வேண்டும். பிஸ்டன் வெளியே துள்ளி விழாமல் இருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய பட்டியால் கட்டிக்கொண்டேன். முதலில் ஸ்பிரிங்கை ஷூவில் கொழுவி, ஷூவின் ஒரு முனையை எதிர்ச் சிலிண்டரின் முதுகில் உள்ள வெட்டில் இருத்தி, பிறகு மறுமுனையை இழுத்துப் பிஸ்டன் பக்கம் ஏற்ற வேண்டும். அந்த முனையில்தான் அட்ஜஸ்டர் உட்காருகிறது. இந்தக் கார்களில் அதை மைக்ரம் அட்ஜஸ்டர் என்பார்கள். நத்தை ஓடு மாதிரி, திரும்பத் திரும்ப உயரம் கூடும் சின்ன வட்டம். அதை மூடிப் பிடிக்க மெல்லிய தகரக் கவசம் ஒன்றும் உண்டு. அந்தக் கவசத்தைத் தேவையில்லாத துண்டு என்று எறிந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்; எங்கள் காரிலும் ஒன்று காணாமல் போயிருந்தது. அது இல்லாவிட்டால் அட்ஜஸ்டர் தன்பாட்டில் திரும்பித் தளர்ந்துவிடும். பழைய சாமான் கடை ஒன்றில் தேடித்தான் எடுத்தேன். ஷூ உரசி நகரும் இடங்களில் மட்டும் சூடு தாங்கும் கிறீஸை நகத்தளவு தடவினேன். லைனிங்கைக் கழுவிய கையால்தான் தொட வேண்டும்.

ட்ரம் போட முதல் ஐயாவைக் கூப்பிட்டேன். மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சோக்கட்டி அம்பைப் பார்த்தார், ஒவ்வொரு ஷூவையும் விரலால் தட்டிப் பார்த்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு, “பூட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை காற்று எடுத்தேன். அதற்கு முன் எல்லா அட்ஜஸ்டரையும் ஷூ ட்ரம்மில் இறுகும்வரை திருப்பி வைத்துவிடுங்கள். பிஸ்டன் அதிகம் நகராது, ஒயில் குறைவாகப் போகும், காற்று கெதியாக வரும். மைனரில், பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, தகர மூடியைக் கழற்றினால்தான் ஒயில் விடலாம். அறுபது வருட மண் அந்த ஓட்டையைச் சுற்றி இருக்கும். துடைத்துச் சுத்தமாக்காமல் மூடியைத் திறந்தால் அவ்வளவும் உள்ளே போகும். ஒயில் பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அது பெயின்றைத் தின்றுவிடும்.

மகள் பெடலில் இருந்தாள். பன்னிரண்டு வயது, கால் எட்டக் கதிரையின் விளிம்பில் இருக்க வேண்டியிருந்தது. நான் காருக்குக் கீழே.

“மிதி.”

“மிதிச்சிட்டன்.”

“பிடிச்சுக்கொண்டிரு பிள்ளை.” காற்று வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறப்பேன். போத்தலுக்குள் குமிழி வரும். மூடுவேன். “இப்ப விடு. மெதுவா.”

“அப்பா, பெடல் கீழை போகேக்கை ஏதோ உயிருள்ள சாமான் மாதிரி இருக்கு.”

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சில்லில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வந்தோம். பின் இடது சிலிண்டர் உப்பில் இறுகியிருந்தது. அந்தச் சிலிண்டர் தட்டில் உள்ள வெட்டில் வழுக்கி நகர வேண்டியது. நகராவிட்டால் ஒரு ஷூ மட்டும்தான் வேலை செய்யும். அதைக் கழற்றித் துடைத்துப் பூட்ட மத்தியானம் ஆகிவிட்டது. மகள் சாப்பிடப் போய்த் திரும்பி வந்து, கேட்காமலே கதிரை விளிம்பில் ஏறி இருந்தாள்.

கடைசியில் அட்ஜஸ்ட் பண்ணுவது. திருப்புளியைத் துளைக்குள் விட்டு, ட்ரம் அசையாமல் இறுகும்வரை வலப் பக்கம் திருப்ப வேண்டும். பிறகு ஒரே ஒரு க்ளிக் பின்னுக்கு. முன் சில்லில் எதிரெதிராக இரண்டு, ட்ரம்மை அரைச் சுற்றுச் சுற்றினால் மற்றது துளைக்கு வரும். பின் சில்லில் ஒன்றுதான். இதோடு முடிந்தது என்று சில்லைப் பூட்டிவிடாதீர்கள். பெடலை நாலைந்து தரம் பலமாக மிதித்து ஷூக்களைத் தங்கள் இடத்தில் இருக்க விட்டு, திரும்பவும் பாருங்கள். எனக்கு இரண்டாவது தரத்தில் வலது முன் மேல் ஷூ இன்னொரு க்ளிக் எடுத்தது. ட்ரம்மைக் கையால் சுற்றும்போது ஒரு இடத்தில் மெல்லிய உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை. கனமாக இழுத்தால் தளர்த்துங்கள். சூடேறி இன்னும் இறுகும். பின் ஷூ அட்ஜஸ்ட் பண்ணும்போது ஹாண்ட் பிரேக் கேபிள் தளர்வாக இருக்க வேண்டும். கேபிளை இழுத்துக் கட்டித் தேய்ந்த ஷூவைச் சரிப்படுத்தப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். முதலில் ஷூ, பிறகுதான் கேபிள்.

பின்னேரம் நாலரை மணிக்கு ஒழுங்கையால் இறக்கினேன். முதலில் நடக்கும் வேகத்தில் மிதித்தேன். நின்றது. கொஞ்சம் வேகத்தில், ஆளில்லாத இடம் பார்த்து, ஒற்றைக் காலால் மிதித்தேன். மூக்குத் தாழ்ந்து நின்றது. நேராக. மகள் டாஷ்போட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, “இன்னொருக்கா” என்றாள். கே.கே.எஸ். வீதி வரை போய், ஐயாவின் வாசலில் ஒரு தரம் நிறுத்திக் காட்டிவிட்டு வந்தோம். அவர் கதிரையிலிருந்தபடி கையை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்து, காரைத் திருப்பி, கொட்டிலுக்குள் பின்பக்கமாக விட எடுத்தேன். வழக்கம்போலப் பெடலை மெல்லத் தொட்டேன். கார் நிற்கவில்லை. பின்னுக்கு உருண்டுகொண்டே போனது. முன் ஷூ நான்கும் இப்போது வழுக்கும் திசையில். சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது இடது கை தானாகப் போய் ஹாண்ட் பிரேக்கை இழுத்தது.